பத்து மணிக் கூட்டம்

2020ஆம் ஆண்டு ஜனவரியில் இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், புதிய பிள்ளைகளை வரவேற்க நடந்த கால்கோள் விழாவுக்குத் தரம் 1 பிள்ளைகள் 14 பேரின் தாய்மாரும் வந்திருந்தார்கள். எல்லோரும் சேலை கட்டியிருந்தார்கள். சிலர் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். தரம் 2 பிள்ளைகள் காகித மாலை போட்டு வரவேற்க, என் மகளும் மற்றப் பிள்ளைகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் போனார்கள். சரியாக ஐந்து கிழமைகளின் பின்னர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அதே பிள்ளைகளின் பெற்றோருக்கான முதற் கூட்டம் நடந்தபோது மூன்று பேர்தான் வந்திருந்தோம். அதிபர் வெறும் நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "தோட்டத்து ஆளுங்களுக்குச் சம்பளத்துல இருக்கிற அக்கறை பிள்ளைங்க மேல இல்ல," என்றார். வராதவர்களைப் பற்றி அவர் சொன்னதை, வந்திருந்த நாங்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த வார்த்தையை நான் பல இடங்களில், பல வாய்களில் கேட்டிருக்கிறேன். மலையகப் பிள்ளைகளின் கல்வி ஏன் பின்தங்கியிருக்கிறது என்று யார் பேசத் தொடங்கினாலும் மூன்றாவது வாக்கியத்தில் பெற்றோரின் அக்கறையின்மை வந்துவிடும். என் மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த ஐந்து ஆண்டுகளில் நான் கண்டவற்றை வைத்துச் சொல்கிறேன்: அது உண்மையல்ல. எங்கள் பெற்றோருக்கு அக்கறை இருக்கிறது. காலை பத்து மணிதான் அவர்களுக்குச் சொந்தமாக இல்லை.

அன்று நான் போக முடிந்ததற்குக் காரணம், நான் மலையில் வேலை செய்யாததுதான். நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை. அன்று எனக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் முறை தொடங்கியது. இரண்டாவதாக வந்தவர், மகள் மலைக்குப் போய்விட்டதால் பேரனுக்காக வந்த ஓர் ஆயா. மூன்றாவதாக வந்தவரை நான் மறக்கவே மாட்டேன். கூட்டம் பாதியில் இருந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே இறங்கி வந்திருந்தார். இடுப்பில் சுற்றியிருந்த படங்குத் துணி காலைப் பனியில் நனைந்து இன்னும் காயாமல் இருந்தது. அதன் விளிம்பிலிருந்து சொட்டிய தண்ணீர் சீமெந்துத் தரையில் சிறு வட்டமாகச் சேர்ந்தது. வகுப்பாசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டும் அவர் உட்காரவில்லை. நாற்காலி நனைந்துவிடும் என்றார். வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கக் குனிந்தபோது அவருடைய பெருவிரலும் சுட்டுவிரலும் நகக்கண் வரை கறுத்திருந்தன. கொழுந்துக் கறை அது; எத்தனை தடவை சவர்க்காரம் போட்டாலும் முழுதாகப் போகாது. கையெழுத்தை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எம்புள்ள எழுத்தக் கூட்டி வாசிக்கிறானா டீச்சர்?" பதிலைக் கேட்டுக்கொண்டு உடனே திரும்பி மலை ஏறிவிட்டார்.

அந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த விலையை வெளியில் இருப்பவர்களுக்காக விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்று சொல்வோம். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மலைக்கு ஏறி, குறித்த கிலோ கொழுந்தை எடுத்து நிறுத்தால்தான் அது முழுப்பேர். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். பத்து மணிக் கூட்டத்துக்கு வருவதானால் ஒன்பதரைக்கு மலையிலிருந்து இறங்க வேண்டும். பதினொன்றரைக்கு முடிந்தாலும் மீண்டும் ஏறிப் போய்க் கூடையை எடுக்கும்போது பகல் நிறுவை நெருங்கிவிடும். ஆகவே அந்தத் தாய் தன் மகன் எழுத்துக்கூட்டி வாசிக்கிறானா என்று அறிந்துகொள்வதற்காக அன்றைய கூலியில் பாதியை இழந்தார். வராத 11 பேரும் அந்தப் பாதியை இழக்க முடியாதவர்கள். அவர்களில் சிலரின் வீட்டில் அந்தப் பாதிதான் இரவுக்கு மாவும் தேங்காயும் வாங்கும் காசு.

அதிபரைக் குறை சொல்வது எளிது. நானும் வெகுநாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். ஆனால் அவர் தூரத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து போகிறவர். பகல் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டத்துக்கு வந்து திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டால், பிரதான வீதி வரை நடக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைப்பதானால் அவர் இரவு எங்கே தங்குவது? அதிபருக்கான விடுதி என்று ஒரு காலத்தில் இருந்த வீட்டின் கூரைத் தகரம் பறந்து பல ஆண்டுகளாகின்றன. பள்ளிக்கூடத்தின் மணியும் மலையின் மணியும் ஒன்றோடொன்று ஒத்துவராதபடி யாரோ எப்போதோ அமைத்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் நின்று அதிபரும் பெற்றோரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த அமைப்பு எப்படி வந்தது என்பதை என் அம்மாவிடம் கேட்டால் ஓரளவு விளங்கும். அவர் அறுபதுகளின் இறுதியில் இதே இடத்தில்தான் படித்தார். அப்போது அது தோட்ட நிர்வாகத்தின் பள்ளிக்கூடம்: ஒரே அறை, ஒரே மாஸ்டர், ஐந்து வகுப்பும் ஒன்றாக. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்ற கடமையை 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்ட நிர்வாகங்கள்மேல் சுமத்தியிருந்தது. 1945இல் இலங்கைக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்டத்தோடேயே விடப்பட்டன. நாட்டின் மற்றப் பிள்ளைகள் மத்திய மகா வித்தியாலயங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் பெற்றோர் தோட்ட நிர்வாகியான துரை சம்பளம் கொடுத்த மாஸ்டரிடம் அரிச்சுவடி படித்துவிட்டு மலைக்குப் போனார்கள். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகிய பிறகு, 1977இலிருந்து தோட்டப் பள்ளிகளையும் அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. எண்பதுகளின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டின் சீடா என்ற அபிவிருத்தி நிறுவனத்தின் உதவியோடு பல பள்ளிகளுக்குக் கட்டடங்கள் எழும்பின. எங்கள் பள்ளிக்கூடத்தின் நீண்ட கட்டடத்தையும் இன்றுவரை 'சீடா கட்டடம்' என்றுதான் சொல்கிறோம்.

"அந்தக் காலத்துல பெத்தவங்கள பள்ளிக்கூடத்துக்குக் கூப்புட்டாங்கன்னா, புள்ள ஏதோ தப்புப் பண்ணிருச்சுன்னு அர்த்தம்," என்பார் அம்மா. அந்தப் பயம் ஒரு தலைமுறையில் போய்விடவில்லை. பள்ளிக்கூடம் துரையுடையதாக இருந்தது, பிறகு அரசாங்கத்துடையதாக ஆனது. அது நம்முடையது என்று எங்கள் ஆட்களிடம் ஒருவரும் வந்து சொன்னதில்லை. கால்கோள் விழாவுக்கு அத்தனை பேரும் வந்தது, அன்று யாரும் தங்களைத் திட்டமாட்டார்கள் என்று தெரிந்ததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூட்டத்தைவிட எங்கள் தாய்மாரை அன்றாடம் வாட்டிய விடயம் வேறொன்று. தரம் 1, தரம் 2 பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் காலை பதினொன்றரைக்கு விட்டுவிடும். ஐந்து வயது வரை பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகலாம். ஐந்து முடிந்து பள்ளிக்கூடத்தில் பெயர் பதிந்த அன்றோடு அந்த இடமும் போய்விடுகிறது. தாய் மாலை நிறுவை முடிந்து வர ஐந்து மணியாகும். இடையிலுள்ள ஐந்தரை மணித்தியாலத்துக்கு அந்த ஆறு வயதுப் பிள்ளை யாருடையது? என் மகளை என் அம்மா பார்த்துக்கொண்டார். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி கழுத்தில் கறுப்புக் கயிற்றில் வீட்டுச் சாவியைக் கட்டிக்கொண்டு வருவாள். அவள் தானே வரிசை வீடான லயத்தில் தங்கள் காம்பராவைத் திறந்து, மூடி வைத்திருக்கும் ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து அம்மா வரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மழை நாளில் கதவைச் சாத்திக்கொள்ளும்படி அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பல நாட்கள் நான் வேலைக்குப் போகும் வழியில் அவளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கயிறு கண்ணில் படும் ஒவ்வொரு முறையும், அக்கறை என்ற சொல்லை இவ்வளவு எளிதாகப் பேசுகிறவர்களை அந்த வாசற்படிக்குக் கூட்டிவர வேண்டும் போலிருக்கும்.

இந்தக் காரணத்துக்காகவும் வேறு பல காரணங்களுக்காகவும் எங்கள் தோட்டத்தில் கொஞ்சம் முடிந்தவர்கள் பிள்ளைகளை நகரத்துப் பாடசாலைக்கு வேனில் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். 2016இல் அரசாங்கம் 'அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்றொரு திட்டத்தை அறிவித்தது. அந்த வாக்கியம் எனக்கு இன்றும் பிடிக்கும். அது சரியான கொள்கை என்றுதான் நினைக்கிறேன். நானும் என் கணவரும் மகளைத் தோட்டத்துப் பள்ளிக்கே அனுப்புவது என்று முடிவெடுத்தது பல இரவுகள் பேசிய பிறகுதான். படித்த ஓரிரு குடும்பங்களும் விலகிப் போனால், பிறகு அந்தப் பள்ளிக்காகக் கேட்பதற்கு ஆளே இருக்காது என்று நான் நினைத்தேன். ஆனால் ஐந்து வகுப்புக்கு மூன்று ஆசிரியர்கள் இருந்த ஆண்டில், தரம் 3உம் தரம் 4உம் ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து ஒன்று கணிதமும் ஒன்று சுற்றாடலும் படித்ததைப் பார்த்தபோது, என் கொள்கைக்காக என் பிள்ளையைப் பணயம் வைக்கிறேனோ என்று நான் அழுததும் உண்டு.

ஆசிரியர்கள் வருவதும் போவதும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளி மாவட்டங்களிலிருந்து நியமனம் பெற்று வருகிறவர்கள், குளிரும் தூரமும் தாங்காமல் மாற்றம் கேட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. அதற்கு மாற்றாகத்தான் 2015 அளவில் மலையகப் பிள்ளைகளையே ஏறத்தாழ 3,000 பேரளவில் உதவி ஆசிரியர்களாகத் தோட்டப் பள்ளிகளுக்கு எடுத்தார்கள். அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபாய், பின்னர் 10,000 ரூபாய். எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனைச் சேர்ந்த ஒரு பெண் அப்படி வந்தவர். கொழுந்து எடுக்கும் அவருடைய அம்மா மாதத்தில் அவரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார். ஆனாலும் லயத்தில் எந்தக் காம்பராவில் எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் அவருக்கு மட்டுந்தான் தெரியும்.

2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. அதன் பிறகான இரண்டு ஆண்டுகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. பல வீடுகளில் இருந்த ஒரே நல்ல கைத்தொலைபேசி கொழும்பில் வேலை செய்யும் தந்தையிடம் இருந்தது. சிக்னல், மலையின் உச்சியில் ஒரு பாறையருகில்தான் எடுக்கும். மாலை நிறுவை முடிந்து வந்த தாய்மார் அயலவரின் தொலைபேசியை வாங்கிக்கொண்டு அந்தப் பாறைக்கு ஏறுவார்கள். பாடத்தை இறக்கிக்கொண்டு வந்து, குப்பி விளக்கு வைத்துப் படித்த தங்கள் காலத்தை நினைத்தபடி, பிள்ளைகளைக் கொண்டு கொப்பியில் எழுத வைப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் ஒருவர் தொலைபேசித் திரையைப் பார்த்துப் படம் வரைவதைப் போல் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கொப்பிக்கு மாற்றியிருந்தார். 'ஃ' என்ற எழுத்தை மூன்று பூச்சியமாகப் போட்டிருந்தார். அந்தக் கொப்பியை ஆசிரியை எனக்குக் காட்டியபோது இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

2022 நெருக்கடியில் கொப்பியும் சப்பாத்தும் எட்டாத விலைக்குப் போயின. எரிபொருள் இல்லாமல் நகரத்து வேன் நின்றபோது, அதில் போன பிள்ளைகள் சிலர் கிழமைக்கணக்கில் வீட்டிலிருந்தார்கள். அந்த ஆண்டில்தான் பள்ளிக்கூடத்துப் பாதையோரத்து மரமொன்றில் குளவி கூடு கட்டியது. குளவிக்கொட்டு எங்களுக்குப் பத்திரிகைச் செய்தியல்ல. மலையில் ஆட்கள் அதனால் செத்திருக்கிறார்கள். கூடு அகற்றப்படும் வரை இரண்டு கிழமைகள், வேலையில்லாத ஆண்களும் ஆயாமாரும் முறை வைத்து, காலையும் பகலும் பிள்ளைகளை மறுபக்கத்துக் குறுக்குப் பாதையால் கூட்டிச் சென்றார்கள். யாரும் கூட்டம் கூட்டவில்லை. யாரும் பதிவேட்டில் கையெழுத்து வைக்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானத்துக்கும் வீட்டுக்கு ஒருவர் தவறாமல் வருவார்கள். பெண்கள் மணற்சாக்கைத் தலையில் வைத்து அந்தப் படிகளில் ஏறியதை அதிபரும் கண்டிருக்கிறார்.

மகள் தரம் 4க்கு வந்த 2023ஆம் ஆண்டில் வகுப்பாசிரியையாக ஓர் இளம் பெண் வந்தார். பத்தனையில் ஜெர்மனியின் உதவியோடு கட்டப்பட்ட ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். கொழுந்து எடுத்த தாயின் மகள். முதல் தவணை முடிவில் அவரும் பத்து மணிக்குத்தான் கூட்டம் வைத்தார், நான்கு பேர்தான் போனோம். அவர் யாரையும் திட்டவில்லை. "மத்தவங்கள எங்க பாக்கலாம்?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "மடுவத்துக்கு வரட்டுமா?" என்றார். மடுவம் என்பது கொழுந்தை நிறுக்கும் கொட்டகை.

அடுத்த நாள் மாலை நான்கரைக்கு அவர் தேர்ச்சி அறிக்கைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு கொழுந்து மடுவத்துக்கு வந்தார். கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார். அவரும் நல்ல மனிதர், மேசையின் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார். பெண்கள் சாக்கைத் தராசில் மாட்டி, கிலோவைப் பதிந்துகொண்டு, இரண்டடி தள்ளி நின்ற ஆசிரியையிடம் வந்தார்கள். முதலில் தயங்கினார்கள். முதலாவதாக வந்த அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அறிக்கையைத் தொடாமலே எட்டிப் பார்த்தார். "புடிங்க அக்கா, கறை பட்டாப் பரவாயில்ல," என்று ஆசிரியை அதை அவர் கையில் வைத்தார். பிறகு வரிசை நீண்டது. ஒருவர் கணிதத்தில் ஏன் புள்ளி குறைந்தது என்று கேட்டார். ஆசிரியை கிலோ பதியும் கொழுந்துத் துண்டுச் சீட்டொன்றின் பின்பக்கத்தில் கழித்தல் கணக்கொன்றை எழுதி, கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில் மகன் தடுமாறுவதைக் காட்டினார். "கடன் வாங்குறதா? அது எனக்கு நல்லாவே வரும், வீட்டுல நான் சொல்லித் தாறேன்," என்றார் அந்தத் தாய், முழு நம்பிக்கையோடு. தன் மகனுக்குத் தன்னாலும் ஒன்று கற்றுக்கொடுக்க முடியும் என்று அவர் அன்றுதான் கண்டுகொண்டார் என நினைக்கிறேன். அன்று வகுப்பின் 14 பேரில் 12 பேரின் வீட்டார் ஆசிரியையோடு பேசினார்கள். யாருடைய பேரும் அரைப்பேர் ஆகவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு தவணை முடிவிலும் அவர் மடுவத்துக்கு வந்தார். மழை நாட்களில் நானும் இன்னொரு தாயும் அவரைக் குடை பிடித்துப் பிரதான வீதி வரை கொண்டுபோய் விட்டோம். அதிபரும் ஒருமுறை வந்தார். வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த மாதப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தார். அவர் மாறினார் என்பதை நான் மரியாதையோடு இங்கே பதிகிறேன்.

தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதுப் பிள்ளைகள்மேல் அந்தப் பரீட்சையைச் சுமத்துவதை நான் ஏற்பதில்லை; என்றாலும் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை பெரிய பாடசாலைக்குப் போகக்கூடிய கதவு அது ஒன்றாகத்தான் இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்லும் துணிவும் எனக்கு வரவில்லை. மாதிரி வினாத்தாள்களின் போட்டோப் பிரதிச் செலவைப் பெற்றோர் பங்கிட்டுக்கொண்டோம். 2024 செப்டெம்பர் 15ஆம் திகதி பிள்ளைகள் எழுதினார்கள். மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன என்ற சர்ச்சை எழுந்து, உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்றுக்கும் எல்லோருக்கும் புள்ளி வழங்கப்பட்டு, பெறுபேறு வந்தபோது 2025 ஜனவரி ஆகிவிட்டது. அத்தனை மாதமும் மடுவத்தில் இதே பேச்சுத்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள். ஒருவன், பனியில் நனைந்த படங்கோடு வாசலில் நின்ற அந்தத் தாயின் மகன். என் மகள் தாண்டவில்லை. அவள் இப்போது நகரத்தில் தரம் 6இல் படிக்கிறாள். நன்றாகவே வாசிக்கிறாள், நிறைய எழுதுகிறாள்.

இந்த ஆண்டு அந்த ஆசிரியைக்கு மாற்றம் கிடைத்தது. அதிபரும் ஓய்வு பெற்றார். என் இளைய மகன் இப்போது அங்கே தரம் 1இல் இருக்கிறான். சென்ற கிழமை அவனுடைய கொப்பிக்குள் மடித்து வைத்த கடிதம் வந்தது: பெற்றோர் கூட்டம், புதன்கிழமை, காலை பத்து மணி, தவறாது சமுகமளிக்கவும். புதிய அதிபருக்கு எங்கள் கதை தெரியாது. தெரியப்படுத்த வேண்டியது நாங்கள்தான். ஞாயிறு மாலை மாரியம்மன் கோயில் முன்றலில் கூடி ஒரு கடிதம் எழுதினோம். கூட்டத்தை மாலை நிறுவைக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ வைக்க வேண்டும், அப்படி வைத்தால் வீட்டுக்கு ஒருவர் நிச்சயம் வருவோம், தரம் 1, 2 பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விட்ட பின்னர் பிள்ளைக்காம்பராவில் பகல் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளும்படி தோட்ட நிர்வாகத்திடம் கேட்க நீங்களும் எங்களோடு வர வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். 31 கையெழுத்து, நான்கு கைநாட்டு. கைநாட்டுக்கு மை தேவைப்படாது என்று ஓர் ஆயா விரலை நீட்டினார். ஆனாலும் நாங்கள் மைப்பெட்டியை வாங்கியே வைத்தோம். கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. நாளை காலை ஏழரைக்கு, மகனைக் கொண்டுபோய் விடும்போது கொடுக்க வேண்டும்.